பரவைக்கடலில் துடுப்புப் படகுப் பயணம்: கரையோரக் குடும்பங்கள் அறிய வேண்டியவை

சிறு துடுப்புப் படகுகளில் உல்லாசப் பயணிகளை ஏற்றி, கண்டற் காடுகளுக்கும் உவர்ச் சேற்று நிலங்களுக்கும் ஊடாக வழிகாட்டி ஒருவருடன் அழைத்துச் செல்லும் தொழில் இன்று உலகின் பல கரையோரங்களில் நடந்துவருகின்றது. இதற்குப் பயன்படும் படகைக் கயாக் என்பர். தோட்டக் காணியையும் கிணற்றையும் விட்டு எழுந்து வந்த குடும்பங்களுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எமது குடாநாட்டில் இடம்பெயர்ந்தோர் பலர் ஆண்டுக்கணக்காகக் குடியிருப்பது கடனீரேரிகளை அண்டிய தரவைகளிலும் உவர் வெளிகளிலுந்தான். "வாசலிலேயே தண்ணீர் இருக்கிறது, உல்லாசப் பயணத் தொழில் தொடங்குங்கள்" என்று அவர்களிடம் சொல்லிப்போக ஆட்களுக்குக் குறைவில்லை. அந்த ஆலோசனையில் மணி எவ்வளவு, பதர் எவ்வளவு என்று புடைத்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

படகைப் பற்றிச் சில வார்த்தைகள்

வட துருவத்தை அண்டி வாழும் இனுயிற் மக்கள் மரச் சட்டத்தின்மேல் சீல் என்னும் கடல் விலங்கின் தோலை இழுத்துக் கட்டி, வேட்டைக்காகச் செய்த படகே கயாக். இன்று அதனைப் பிளாஸ்ரிக்கில் வார்க்கிறார்கள். பத்து முதல் பதினான்கு அடி நீளம். ஒருவர் அல்லது இருவர் இருக்கலாம். இரு முனையிலும் அலகுள்ள ஒரே துடுப்பை இடமும் வலமும் மாறி மாறிப் போட்டுச் செலுத்துவர். அரையடி தண்ணீர் இருந்தால் போதும், மிதக்கும். எமது வத்தைகூடத் தரைதட்டும் இடங்களில் இது வழுக்கிக்கொண்டு போய்விடும். இயந்திரம் இல்லாதபடியால் பறவைகள் வெருளுவதும் குறைவு. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தைக் கண்ட எமக்கு, எண்ணெய் வேண்டாத படகு என்பது புதினமான விடயமன்று.

படகை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். கொழும்பிலிருந்து ஒரு கம்பனி நாளைக்கே ஐம்பது படகுகளைக் கொண்டுவந்து இறக்கலாம். பயணி உண்மையில் பணம் கொடுப்பது வழிகாட்டியின் அறிவுக்கே: தண்ணீர் எந்த மாதத்தில் எங்கே நிற்கும், காற்று எந்த நேரத்தில் எழும், எந்தச் சேறு காலை விழுங்கும், எந்தச் செடி எதனைக் காட்டும் என்ற அறிவு. அது கரையில் வாழ்பவரிடம் மட்டுமே உண்டு. ஆகவே அந்த அறிவிலிருந்தே தொடங்குவோம்.

எமது தண்ணீரின் இயல்பு

ஆறு கடலோடு கலக்கும் இடத்தைக் கழிமுகம் அல்லது பொங்குமுகம் என்று பாடநூலில் படித்திருக்கிறோம். குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு வலிகாமத்து வயல்களின் வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு அராலிப் பக்கத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியில் விழுகின்றது. தொண்டைமானாறு பெயரளவில் ஆறு. உண்மையில் வடமராட்சிக் கடனீரேரி வட கடலைச் சந்திக்கும் வாய். உப்பு ஏற்றுவதற்காகத் தொண்டைமான் என்னும் சோழர் படைத்தலைவன் வெட்டிய கால்வாய் அது என்பது மரபுக் கதை. கிழக்கே ஆனையிறவுப் பரவைக்கு வன்னியிலிருந்து கனகராயன் ஆறு நீர் கொண்டுவரும். அதுவும் இரணைமடுக் குளத்தில் தேங்கி மிஞ்சியதே.

வற்றுப்பெருக்கும் இங்கே சிறிது. உலகின் சில கழிமுகங்களில் கடல் நாளுக்கு இருமுறை பத்தடி, இருபதடி ஏறி இறங்குகின்றது. எமது கரையில் இரண்டடி அளவே. ஆகவே வெளிநாட்டுக் கையேடுகள் சொல்வதுபோல வற்றுப்பெருக்கு அட்டவணையை மட்டும் பார்த்து இங்கே படகு விட முடியாது. எமது பரவையை ஆள்வது மழையும் காற்றுமே. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை கொட்டி ஏரி நிரம்பும். மாசி, பங்குனியில் வற்றத் தொடங்கும். ஆடி, ஆவணியில் பல இடங்கள் வெடித்த சேறாகி, மேலே உப்புப் பூக்கும். கடல்நீர் லீற்றர் ஒன்றில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. கோடையில் ஒதுங்கிய பரவைத் தண்ணீர் அதைவிடவும் உவர்ப்பாகிவிடும். ஆனையிறவில் உப்பு விளைந்தது இதனாலேயே.

இதிலிருந்து தொழிலுக்கான காலம் தானாகவே தெரியவரும். மழைக்காலம் ஆபத்தானது: 2008 நவம்பரில் நிஷா புயலும் 2020 டிசம்பரில் புரெவிப் புயலும் தந்த வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் வீசும், தண்ணீரும் இல்லை. எஞ்சுவது தை, மாசி, பங்குனி. நல்ல வேளையாக, வடக்கிலிருந்து வரும் பறவைகள் தங்கும் காலமும் அதுவே. பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காண மக்கள் தூர இடங்களிலிருந்து வருவர். ஆனால் மூன்று மாதம் என்பது மூன்று மாதமே. இதனை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், பின்னர் கணக்குப் பார்க்கும்போது தேவைப்படும்.

காற்றைப் பற்றி இன்னும் ஒன்று. பழகாத ஒருவர் மணிக்கு மூன்று, நான்கு கிலோமீற்றருக்கு மேல் துடுப்புப் போட மாட்டார். எதிர்க்காற்றில் அதிலும் பாதி. எனவே போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்றோடும் வருமாறு வழியை வகுக்க வேண்டும். மாறி வகுத்தால், களைத்துப்போன பயணியை எதிர்க்காற்றில் இழுத்துவர வேண்டியிருக்கும். தை மாதத்து வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். வடமராட்சிக் கடனீரேரியில் அப்போது வடகிழக்குக் கரையை அண்டிச் சென்றால் அலை குறைவு. விடியற்காலை ஆறு மணிக்கு இறங்கி எட்டரைக்குக் கரையேறுவது நல்லது.

உமரி சொல்லும் செய்தி

இந்தப் பகுதி தோட்டக்காரருக்கே உரியது. பரவை ஓரத்தில் சிவந்தும் பச்சையாகவும் தடித்த இலையோடு படரும் உமரியை நீங்கள் அறிவீர்கள். உமரி முளைத்த மண்ணில் நெல்லும் வெங்காயமும் எடுபடா. அதற்கு வெளியே, தண்ணீர் வந்து போகும் சேற்றில் கண்ணாவும் கண்டலும் நிற்கும். கண்ணா மரத்தைச் சுற்றி விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை மூச்சு வேர்கள். அதன் இலையை நாவில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியேற்றுகிறது. கண்டலின் விதை மரத்திலேயே முளைவிட்டு, ஈட்டிபோல நீண்டு, பிறகே கீழே விழும். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு; வழிகாட்டி முதலில் காட்டி எச்சரிக்க வேண்டிய மரம் அதுவே.

இந்தச் செடிகளின் வரிசை ஒரு எல்லைக்கோடு. குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும் என்பது நிலநீர் அறிஞரின் கணக்கு. மறுபுறம், இறைப்பு இயந்திரம் வைத்து ஓரடி குறைத்தால் கீழிருந்து உவர் நாற்பதடி எழ வழி செய்கிறோம். கடனீரேரி உவரானால் அதன் ஓரக் கிணறுகளும் உவராகும். இதனைத் தடுக்கவே தொண்டைமானாற்றில் 1950களின் தொடக்கத்தில் தடுப்பணை கட்டப்பட்டது: மாரி வெள்ளம் மிஞ்சும்போது கதவைத் திறந்து விடுவது, பின்னர் அடைத்துக் கடல்நீர் உள்ளே வராமல் காப்பது. கடனீரேரிகளை நன்னீராக்கும் பெரிய திட்டத்தைப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் வகுத்திருந்தார், அது முழுமையாக நிறைவேறவில்லை. போர்க் காலத்தில் பராமரிப்பின்றிக் கிடந்த தடுப்பணை பின்னர் திருத்தப்பட்டது.

ஆனால் கதவு அடைத்தால் இறால் குஞ்சுகள் கடலிலிருந்து உள்ளே வர முடியாது. தோட்டக்காரருக்கு நன்மையாவது கடற்றொழிலாளருக்கு நட்டம். பயணிகளுக்குக் காட்ட வேண்டியது பறவையை மட்டுமன்று என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கதவையும் இந்தப் பிணக்கையும் விளக்கத் தெரிந்த ஒரு வழிகாட்டி, அழகான படம் அச்சடித்த பத்துத் துண்டுப் பிரசுரங்களுக்குச் சமன்.

வேறிடங்களில் நடந்தது

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம் உள்ளது. ஏறக்குறைய 1,100 ஹெக்டயர் கண்டற் காடு. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படம் பார்த்த எமது மூத்தவர்கள் அந்த நீர்வழிகளைத் திரையில் கண்டிருப்பார்கள். அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை இயங்குகிறது. சுற்றுக் கிராமத்தவர் துடுப்புப் போட்டு வழிகாட்டுகின்றனர். எமக்குப் படகைவிட முக்கியமானது அந்தக் காடு மீண்ட விதம். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக வெட்டப்பட்ட இடங்களில் மண் அமிழ்ந்து தட்டுப்போலக் குழிந்தது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேறாமல் காய்ந்து உப்பேறியது. நட்ட கன்றெல்லாம் செத்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் கிராமத்தவரோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டித் தண்ணீருக்கு வழி விட்டது. உப்புக் கழுவுண்டு போக, கன்று பிடித்தது. 2004 ஆழிப்பேரலையின்போது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்குச் சேதம் குறைவாக இருந்தது.

இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்டல் நடுகை பெரிதாக நடந்தது. 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, நடப்பட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் ஏறக்குறைய 200 ஹெக்டயரே தப்பியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பிழையான இடத்தில் நட்டதும் நட்டபின் பாராமல் விட்டதும் முக்கிய காரணங்கள். பயணிகளிடம் பணம் வாங்கிக் கன்று நடுவித்துப் படம் பிடித்து அனுப்பும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. தண்ணீரின் வழியை அறியாமல் அதைச் செய்வது கன்றுக்கும் கேடு, பயணிக்கும் ஏமாற்று.

பாக்கு நீரிணைக்கு அப்பால், எமக்கு நேர் எதிரே இராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு என்னும் மீனவக் கிராமம் உண்டு. அண்மை ஆண்டுகளில் அங்கே வனத்துறையின் துணையோடு கிராமத்தவர் படகும் கயாக்கும் விடுகின்றனர். பெண்கள் நண்டும் இறாலும் சமைத்துக் கொடுத்து வருமானம் பெறுகின்றனர். கிழக்கே பொத்துவில் கடனீரேரியில் உள்ளூர் மீனவர்கள் தமது தோணியிலேயே பயணிகளை ஏற்றிச் சென்று கண்டற் காட்டைக் காட்டி வந்திருக்கின்றனர். இரண்டிலும் தண்ணீரில் இறங்கியவர் அந்தத் தண்ணீரில் தொழில் செய்தவரே. தோட்டக்காரர் மட்டும் சேர்ந்து தொடங்கிய இடம் எதுவும் இவற்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கணக்கு

இனிப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். இருவர் இருக்கும் படகு நான்கு பயணிகளுக்கு. முன்னே வழிகாட்டிக்கு ஒன்று. பின்னே துணையாளுக்கு ஒன்று. ஆக ஆறு படகுகள், எட்டு இருக்கைகள். தை முதல் பங்குனி வரை பன்னிரண்டு வாரம், சனி ஞாயிறு மட்டும் ஆட்கள் வருவர் என்றால் 24 நாட்கள். மழை, காற்று என்று நான்கு நாட்களைக் கழித்தால் 20 காலைகள். எட்டு இருக்கையில் ஆறு நிரம்பினால் ஆண்டுக்கு 120 பயணிகள். பத்துக் குடும்பத்துக்குப் பிரித்தால் குடும்பம் ஒன்றுக்குப் பன்னிரண்டு பயணிகளின் கட்டணம். இதற்குள்ளேயே படகின் கடன், உயிர்காப்பு அங்கி, காப்புறுதி, திருத்த வேலை எல்லாம் அடங்க வேண்டும்.

எண்களை உங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள். இரட்டித்தாலும் அது தைப்பொங்கல் செலவுக்கும் பிள்ளைகளின் கொப்பி புத்தகத்துக்கும் உதவும் உபரி வருமானமேயன்றிக் குடும்பத்தைத் தாங்கும் தொழில் ஆகாது. சமையல், பனை வேலைப்பாடுகள், ஒடியற் கூழ் என்பவற்றைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும். படகுக்குப் பட்ட கடனும் இல்லாமல் சிலர் சம்பாதிப்பது அதில்தான்.

உயிரும் உரிமையும்

ஆழமில்லாத தண்ணீர்தானே என்ற எண்ணமே ஆபத்து. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணிக் களப்பில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். இடுப்பளவு நீரிலும் சேறு காலைப் பிடித்துக்கொண்டால் எழ முடியாது. உயிர்காப்பு அங்கியைப் படகில் போட்டு வைப்பது போதாது, கரையிலேயே அணிவித்துக் கட்டிய பின்பே படகை இறக்க வேண்டும். செருப்பில்லாமல் எவரும் இறங்கக் கூடாது: சிப்பி ஓடு வெட்டும், திருக்கை குத்தும். முகமாலை, ஆனையிறவு, நாகர்கோவில் பக்கங்கள் 2009க்குப் பின்னும் பல ஆண்டுகளாகக் கண்ணிவெடி அகற்றப்பட்ட நிலங்கள். அனுமதி உறுதியாகத் தெரியாத கரையில் இறங்கவோ, ஒதுங்கவோ விடாதீர்கள்.

தண்ணீருக்குள் வேலி இல்லை என்று எண்ண வேண்டாம். களங்கட்டியும் சிறகுவலையும் எங்கே நிற்கின்றன, யாருடைய பாடு எது என்பது கடற்றொழிலாளருக்குத் தெரியும். அண்மைக் காலத்தில் கடலட்டைப் பண்ணைகளும் இடம் பிடித்துள்ளன. படகு ஒன்று வலையை அறுத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய உலை அணையும். ஆகவே முதலில் போக வேண்டிய இடம் அப்பகுதிக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் பங்காளிகளாகச் சேர்ந்தால் வழிகாட்டியும் மீட்புப் படகும் அவர்களிடமே கிடைக்கும். பின்னர் பிரதேச செயலகம், பிரதேச சபை, கடற்றொழில் திணைக்களம். உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்துக்கு உட்பட்டது. கொட்டில் போடுவதற்கு முன் அத்திணைக்களத்தையும் கேளுங்கள். சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. அங்கே வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியின்றி எதுவும் செய்ய இயலாது. எந்த இடமானாலும், மேய்ந்துகொண்டிருக்கும் பறவைகள் தலை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கினால் அதற்கு மேல் படகு நெருங்கக் கூடாது.

பயணிகள் கேட்கும் கேள்விகளுக்கும் ஆயத்தம் வேண்டும். 1990களின் முற்பகுதியில் கிளாலிப் பரவையைக் கடந்த இரவுகளும் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து எழுந்து நடந்த நாளும் எம்மில் பலருக்கு இந்தத் தண்ணீரோடு சேர்ந்த நினைவுகள். அவற்றைச் சொல்வதா விடுவதா என்பதை அவற்றை அனுபவித்தவரே தீர்மானிக்கட்டும். கட்டணத்துக்குள் அடங்கும் பொருளாக அவற்றை யாரும் கேட்டுப் பெற இடமளிக்க வேண்டாம்.

கடைசியாகக் காணி விடயம். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் எழுந்த குடும்பங்களின் நிலங்கள் 2009க்குப் பின் கட்டம் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. முழுவதும் இன்னும் கைக்கு வரவில்லை. கரையோரத்தில் ஒரு படகும் ஒரு பயிற்சிச் சான்றிதழும் கொடுத்துவிட்டு, "இவர்களுக்கு மாற்றுத் தொழில் கொடுத்தாயிற்று" என்று ஏட்டில் எழுதுவது எளிது. உதவித் திட்டப் படிவம் எதிலும் கையெழுத்திடும் முன், அது சொந்தக் காணிக்கான உங்கள் கோரிக்கையைப் பாதிக்குமா என்று வாசித்துப் பாருங்கள். விளங்காவிட்டால் கிராம அலுவலரிடமோ சட்ட உதவி நிலையத்திலோ கேளுங்கள். இருக்கும் இடத்தில் உழைப்பது வேறு, இருந்த இடத்தை விட்டுக்கொடுப்பது வேறு.

குழுவாகச் செய்து பார்க்க

படகு வாங்குவதற்கு முன் ஒரு மாரியும் ஒரு பின்மாரியும் பொறுத்திருங்கள். நேரான தடி ஒன்றில் அங்குலக் கோடுகள் இட்டு, பரவை ஓரத்தில் எளிதில் வற்றாத இடமொன்றில் ஊன்றுங்கள். கார்த்திகை முதல் பங்குனி வரை நாள்தோறும் காலை ஆறு மணிக்கு ஒரு பிள்ளையைக் கொண்டு நீர் நிற்கும் கோட்டையும், காற்று வாடையா கொண்டலா என்பதையும் கொப்பியில் எழுதுவியுங்கள். வாரம் ஒருமுறை நீங்கள் பாவிக்கும் கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து, தண்ணீரின் ருசியையும் அதே பக்கத்தில் குறியுங்கள். பங்குனி முடிவில் அந்தக் கொப்பியை அயலிலுள்ள கடற்றொழிலாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அந்த மாதங்களில் எந்தெந்த நாட்களில் தாம் வத்தையை இறக்கவில்லை, ஏன் இறக்கவில்லை என்று கேட்டு, அந்தந்த நாளுக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள்.